கேள்வி–பதில்: எரிந்த மலையடியில் வீடு

கேள்வி: மகள் குடும்பம் அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் அல்டடீனாவில் இருக்கிறது. 2025 ஜனவரி ஈட்டன் தீயில் வீடு தப்பிவிட்டது. பின்னாலுள்ள மலை எரிந்துபோனது. ஒரு அங்குல மழை என்று முன்னறிவிப்பு வந்தாலே வெளியேறத் தயாராகச் சொல்கிறார்களாம். ஒரு அங்குலமெல்லாம் ஒரு மழையா?
– வாசகி, மதுரை

பதில்: அந்த ஒரு அங்குலம் நாள் முழுக்கத் தூறினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதில் கால் பங்குக்குச் சற்றுமேல் அரை மணியில் கொட்டினால்தான் வம்பு. தெற்குக் கலிஃபோர்னியாவின் எரிந்த சரிவுகளில் 30 நிமிடத்தில் 7 மி.மீ. பெய்ததற்கே சேறும் கல்லும் இறங்கியதுண்டு. எனவே முன்னறிவிப்பில் மொத்த அளவைப் பார்க்க வேண்டாம். மணிக்கு எத்தனை என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அங்குள்ள புதர்களின் இலைச்சருகில் மெழுகுப்பசை உண்டு. எரியும்போது அது ஆவியாகி மண்ணுக்குள் இறங்கி, சில சென்டிமீட்டர் ஆழத்தில் குளிர்ந்து படிகிறது. அதற்குக் கீழே தண்ணீர் இறங்காது. சோதித்துப் பார்ப்பது எளிது: சாம்பலை ஒதுக்கிவிட்டு மண்மேல் சில சொட்டு நீர் விடுங்கள். ஒரு நிமிடம் கழித்தும் முத்தாக நின்றால் மண் நீரை ஏற்கவில்லை. உடனே உறிஞ்சிவிட்டால் ஒரு சென்டிமீட்டர் சுரண்டி மறுபடி விடுங்கள். மேல்மண் நன்றாக உறிஞ்சும், அடியில் தடுப்பு இருக்கும். பலரும் ஏமாறுவது இங்கேதான். (சரிவில் ஏறிச் சோதிப்பதை வெயில் நாளில் மட்டும் செய்யட்டும்.)

வழிந்தோடும் நீர் சாம்பல், மண், பாறை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு, கலந்த கான்கிரீட் போலக் கெட்டியாக வரும். கலிஃபோர்னியாவின் மான்டெசிட்டோ ஊரில் 2018 ஜனவரி 9 விடியுமுன் நடந்தது இதுதான். ஐந்து நிமிடத்தில் சுமார் 13 மி.மீ. மழை, 23 பேர் இறந்தார்கள். மலையை எரித்த தாமஸ் தீ அன்றைக்கு முழுதாக அணைந்திருக்கவில்லை.

திடீர் வெள்ளத்துக்கு ‘வாட்ச்’ (வெள்ளம் வரலாம் என்ற அறிவிப்பு) வந்தால் இருட்டுமுன் கிளம்பிவிட வேண்டும். ‘வார்னிங்’ (வந்துவிட்டது அல்லது வரப்போகிறது என்ற எச்சரிக்கை) வரட்டும் என்று காத்திருந்தால் சாலையில் ஏற்கெனவே சேறு ஓடிக்கொண்டிருக்கும். முதல் இரண்டு ஆண்டுகள்தான் மிக மோசம். வெள்ள அபாயம் ஐந்து ஆண்டு வரைகூட நீளலாம்.

கேள்வி: அதே ஊர்ப்பக்கம் இருக்கும் என் தம்பி, காற்றுத் தரக் குறியீடு பச்சையில் இருந்தபோதும் தொண்டை எரிந்தது என்கிறான். கருவி பொய் சொல்லுமா?
– வாசகர், திருச்சி

பதில்: பொய் சொல்லவில்லை, சாம்பல் அதன் கண்ணில் படவில்லை. குறியீடு முக்கியமாகக் கணக்கிடுவது பி.எம். 2.5 என்னும் நுண்துகளை. அது புகையைக் காட்டிக்கொடுக்கும். பறக்கும் சாம்பல் அதைவிடப் பெரியது. வடகிழக்கிலிருந்து வறண்ட சாண்டா ஆனா காற்று வீசும் நாளில் குறியீடு பச்சையாக இருந்தாலும் கண்ணுக்குச் சாம்பல் தெரிந்தால், கண்ணை நம்புங்கள். அது விறகுச் சாம்பலும் அல்ல. எரிந்த பழைய வீடுகளின் ஈயம், ஆஸ்பெஸ்டாஸ் அதில் இருக்கலாம்.

வெளியே போனால் என்95 முகக்கவசம், மூக்குப் பட்டையை அழுத்தி. அறுவைச் சிகிச்சை முகக்கவசத்தில் ஓரம் வழியே காற்று புகும். இலை ஊதும் இயந்திரம் கூடவே கூடாது. சாம்பல்மேல் லேசாக நீர் தெளித்து, ஈரத்துணியால் துடைத்துப் பையில் கட்டவும். குழாய் பிடித்துச் சாக்கடைக்குத் தள்ளக் கூடாது. சாதாரண வேக்குவம் கிளீனர் நுண்ணியதைத் திருப்பி அறைக்குள் ஊதும். நுண்துகளையும் பிடித்துவைக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ளதே வேண்டும். வீட்டு ஏசிக்கு மெர்வ் 13 (மெர்வ் என்பது வடிகட்டும் திறனின் தர எண்) வடிகட்டி, அதன் மோட்டார் தாங்குமானால்.

கேள்வி: மணல் மூட்டை அடுக்கினால் போதுமா? காப்பீடு கிடைக்குமா?
– வாசகர், சான் டியாகோ

பதில்: மூட்டை தண்ணீரைத் திருப்பும், பாறையை நிறுத்தாது. பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை மட்டும் நிரப்புங்கள். முழுக்க நிரப்பினால் உருண்டையாகி இடுக்கு விடும். வாயை மடித்து அடியில் செருகி, செங்கல் போல இணைப்பு மாற்றி அடுக்கி, மிதித்து இறுக்குங்கள். அடுத்த வீட்டுக்குள் நீர் திரும்பாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் சேராது. அரசின் தேசிய வெள்ளக் காப்பீடு பொதுவாக 30 நாள் கழித்தே செல்லும். மேகம் கறுத்த பிறகு வாங்கிப் பயனில்லை. நீரோடு கலந்து ஓடிவரும் சேற்றோட்டத்துக்கு அதில் இடமுண்டு, சரிவே பெயர்ந்து விழும் நிலச்சரிவுக்கு இல்லை. சேதமானால் தகராறு வருவது இந்த வித்தியாசத்தில்தான். வழித்தெடுக்குமுன் சேறு எந்த உயரம் வரை ஏறியது என்று சுவர்த் தடத்தை அளவுநாடாவோடு படமெடுத்து வையுங்கள்.