வைஃபை போனால் பாட்டுக்கு என்ன வழி? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீட்டில் எல்லாரும் இணையத்தில்தான் பாட்டுக் கேட்கிறோம். அப்பாவுக்கு விடியக்காலையில் தேவாரம் கேட்டே ஆக வேண்டும். கரண்ட் போனாலும் சரி, லைன் போனாலும் சரி, எல்லாம் நின்றுவிடுகிறது. மாற்றாக என்ன வாங்கி வைக்கலாம்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: கடைக்குப் போகுமுன், உங்கள் வீட்டில் அடிக்கடி நிற்பது எது என்று பாருங்கள். கரண்டா, லைனா, பாட்டுச் செயலியா? மூன்றுக்கும் பரிகாரம் வேறு வேறு.

கரண்ட் மட்டும் போகிறது, வீட்டுக்கு வருவது ஃபைபர் என்றால், ரவுட்டருக்கு ஒரு சிறிய யூ.பி.எஸ். (கரண்ட் போனால் பற்றரியில் ஓட்டும் பெட்டி) பெரும்பாலும் போதும். வீட்டுக்கு வரும் ஃபைபர் இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு தொலைபேசி எக்ஸ்சேஞ்சுக்கும் வீட்டுக்கும் இடையில் மின்சாரமே தேவையில்லை. எக்ஸ்சேஞ்சில் ஜெனரேட்டர் ஓடும் வரை லைன் உயிரோடுதான் இருக்கும். வீட்டுப் பெட்டிதான் அணைந்து கிடக்கும். ரவுட்டர் அடாப்டரின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். அநேகமாக 12 வோல்ட், 1 முதல் 2 ஆம்பியர் என்று இருக்கும். யூ.பி.எஸ்ஸும் அதே வோல்ட்டைத் தர வேண்டும். 9 வோல்ட் ரவுட்டருக்கு 12 வோல்ட் கொடுத்தால் அது எரிந்துபோகலாம். 10,400 எம்.ஏ.எச். என்று போட்டிருக்கும் மினி யூ.பி.எஸ்ஸில் இருப்பது ஏறத்தாழ 38 வாட்-மணி. 10 வாட் இழுக்கும் ரவுட்டர் அதில் மூன்று மணி நேரம் ஓடும். 2022இல் இருந்ததுபோல நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வெட்டினால் இது காணாது. அந்த அளவு நீண்டால் மொபைல் கோபுரங்களின் பற்றரியும் இறங்கிவிடும் என்பதால் போன் டேட்டாவையும் நம்ப முடியாது.

ஆகவே அப்பாவுக்கு வேண்டியது இணையமும் கேட்காத, சுவர் பிளக்கும் கேட்காத ஒன்று. மெமரி கார்ட் போடும் துளை, சொந்தப் பற்றரி, எஃப்.எம். மூன்றும் உள்ள சிறிய ஸ்பீக்கர்தான் எங்கள் தெரிவு. பெயர்பெற்ற கம்பனிகளின் விலைகூடிய புளூடூத் ஸ்பீக்கர்கள் பலவற்றில் கார்ட் துளையே கிடையாது. குரலுக்குப் பதில் சொல்லும் ஸ்மார்ட் ஸ்பீக்கர் இணையம் இல்லாமல் சொன்னதைக் கேட்காது, அதை மாற்று ஏற்பாட்டுக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

புறக்கோட்டையிலோ யூனிட்டி பிளாஸாவிலோ வாங்கும்போது உங்கள் சொந்தக் கார்ட்டைக் கொண்டுபோய் அங்கேயே போட்டுப் பாருங்கள். ஒரு பதிகம் பாதியில் இருக்கும்போது அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள். விட்ட இடத்தில் தொடங்குகிறதா, முதல் பாட்டுக்கே திரும்பிப் போகிறதா? முதலாவதுக்கே போனால் அப்பா தினமும் அதே நாலு பதிகத்தைத்தான் கேட்க வேண்டிவரும். சார்ஜில் இருக்கும்போது பாடுகிறதா, கொர் என்று இரைகிறதா என்றும் பாருங்கள். பட்டன்கள் தடவிப் பார்த்தே தெரியும்படி மேடாக இருந்தால் இருட்டில் நல்லது.

கார்ட் 32 ஜீ.பி. தாராளம். 320 கிலோபிட் தரத்தில் எம்.பி.3 ஒரு நிமிடத்துக்கு 2.4 எம்.பி. எடுக்கும், ஐந்து நிமிடப் பாட்டுக்கு 12 எம்.பி. அந்தக் கணக்கில் சுமார் 2,500 பாட்டுப் பிடிக்கும், அதாவது 200 மணி நேரத்துக்கு மேல். மலிவு விலையில் 512 ஜீ.பி. என்று தந்தால் வாங்காதீர்கள். உள்ளே 16 அளவுதான் இருக்கக்கூடும். அது நிரம்பியதும் மேலே எழுதுவதெல்லாம் காணாமல் போகும். கணினியோ எந்தப் பிழையும் காட்டாது, பாட்டுப் போடும்போதுதான் விஷயம் வெளிவரும். விண்டோஸில் எச்2டெஸ்ட்-டபிள்யூ என்ற இலவச மென்பொருள் கார்ட் முழுவதையும் எழுதிப் படித்து உண்மையைச் சொல்லிவிடும். பில் கையில் இருக்கும்போதே இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

ஸ்பாட்டிஃபை பிரீமியத்தில் இறக்கி வைப்பதும் ஒரு வழிதான், ஆனால் அது முழுக் காப்பு அல்ல. ஒரு சாதனத்தில் 10,000 பாட்டு வரை, ஐந்து சாதனங்களில் இறக்கலாம். 30 நாளைக்கு ஒரு தடவையாவது இணையத்தில் இணைக்காவிட்டால் அவை பாடா. சந்தா நின்றாலும் அதே கதி. உரிமம் முடிந்த பாட்டு இறக்கி வைத்த பட்டியலிலிருந்தும் போய்விடும். பழைய தமிழ்ப் படப் பாட்டுகளில் இதைப் பார்த்திருப்பீர்கள்.

எதை வைத்தாலும், ஒரு ஞாயிறு ரவுட்டர் பிளக்கைக் கழற்றி, போன் டேட்டாவையும் நிறுத்திவிட்டு, அப்பாவையே போடச் சொல்லுங்கள். நீங்கள் கை கொடுக்காமல் பாட்டு வந்தால் ஏற்பாடு சரி.

கேள்வி: பென் டிரைவில் ஒழுங்காக அடுக்கிப் போட்ட பாட்டுகள் காரில் தாறுமாறாக வருகின்றன. சிலது பாடவே இல்லை. தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. டிரைவ் பழுதா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: டிரைவில் பழுது இல்லை. மலிவான ஸ்பீக்கர்களும் கார் செட்டுகள் பலவும் பெயர் வரிசையைப் பார்ப்பதில்லை, டிரைவில் எழுதப்பட்ட வரிசையில்தான் பாடும். பாதியை இன்றைக்கும் மீதியை நாளைக்கும் போட்டால் அதே வரிசைதான். எல்லாவற்றையும் கணினியில் ஒரு கோப்புறையில் வைத்து, 001, 002 என்று முன்னால் இலக்கமிட்டு, டிரைவை வெறுமையாக்கி, ஒரே தடவையில் நகலெடுங்கள். அப்போதும் குழம்பினால் ஃபேட்சார்ட் என்ற சிறு மென்பொருள் வரிசையைச் சீராக்கும்.

பாடாதவற்றுக்குக் காரணம் இரண்டில் ஒன்று. டிரைவ் எக்ஸ்-ஃபேட் அல்லது என்.டி.எஃப்.எஸ். முறையில் ஃபார்மட் ஆகியிருந்தால் பல கார் செட்டுகள் டிரைவையே கண்டுகொள்ளாது; ஃபேட்32 தான் எல்லா இடமும் ஓடும். 32 ஜீ.பி. வரை விண்டோஸே அப்படி ஃபார்மட் செய்யும், இதுவும் பெரிய டிரைவ் வாங்காமலிருக்க ஒரு காரணம். டிரைவைக் கண்டும் சில பாட்டுகளை மட்டும் தாண்டிப் போனால் அவை எம்.பி.3 அல்லாமல் எம்4ஏ, ஓபஸ் போன்ற வேறு வகைக் கோப்புகளாக இருக்கும். எம்.பி.3 ஆக மாற்றிக்கொள்ளுங்கள். மேக் கணினியில் நகலெடுத்திருந்தால் ஒவ்வொரு பாட்டுக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு கோப்பு கூடவே போயிருக்கும். கார் அதையும் பாட்டென்று நினைத்துச் சில விநாடி திணறும். விண்டோஸ் கணினியில் மறைகோப்புகளைக் காட்டச் சொல்லி, புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்குபவற்றை அழித்துவிடுங்கள்.

கட்டங்கள் வருவது அந்தச் செட்டில் தமிழ் எழுத்துரு இல்லாததால். எம்.பி.3-டேக் மென்பொருளில் பெயர்களை ஆங்கில எழுத்துக்கு மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. கணினியில் இருக்கும் மூலப்பிரதியில் தமிழ் அப்படியே இருக்கட்டும், காருக்கான பிரதியில் மட்டும் மாற்றுங்கள்.

கேள்வி: புடைவைக் கடை வைத்திருக்கிறேன். இணைய வானொலிதான் ஓடும். இடையில் நின்று கடை ஊமையாகிவிடுகிறது, பையன்கள் கவனிப்பதில்லை. தானாக மாறுவதற்கு வழி உண்டா?
– வாசகர், புறக்கோட்டை

பதில்: உண்டு. பழைய லப்டொப் ஒன்றில் லிக்விட்சோப் என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். முதல் மூலமாக வானொலியின் நேரடி இணைய முகவரியையும், இரண்டாவதாக லப்டொப்பிலேயே இருக்கும் பாட்டுக் கோப்புறையையும் கொடுத்தால், முதலாவது விழுந்தவுடன் இரண்டாவதுக்குத் தாவும், அது மீண்டதும் திரும்பும். சில வேளை இணைப்பு அறாமல் சத்தம் மட்டும் நின்றுவிடும். அதற்கு, பத்து விநாடி மௌனமாக இருந்தால் மாறு என்று தனியாக ஒரு கட்டளை எழுத வேண்டும். பலர் இதை விட்டுவிட்டு, மாறவில்லையே என்கிறார்கள். அமைப்பு எழுத்துக் கட்டளையால்தான். கணினி தெரிந்த ஒருவர் அரை நாளில் செய்து தருவார்.

அது பாரமென்றால் நாலு சானல் உள்ள சிறு ஒலி மிக்ஸர் ஒன்று போதும். ஒன்றில் வானொலி, இன்னொன்றில் பாட்டு நிரப்பிய பழைய போன். நின்றதும் ஒரு குமிழை இறக்கி மற்றதை ஏற்ற வேண்டியதுதான். லப்டொப் சார்ஜரில் இருக்கும்போது ம்ம் என்ற இரைச்சல் வந்தால் வயரை மாற்றிப் பயனில்லை. லப்டொப்பும் அம்ப்ளிஃபையரும் இரண்டு வழியாக எர்த் ஆவதால் வருவது அது. லைனுக்கு நடுவில் கிரவுண்ட் லூப் ஐசொலேற்றர் என்ற சிறு பெட்டியைப் போட்டால் நிற்கும்.

ஸ்பாட்டிஃபை போன்ற தனிநபர் சந்தாவைக் கடையில் ஒலிக்கவிட அவற்றின் நிபந்தனைகள் இடம் கொடுப்பதில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் பாட்டின் உரிமையாளரைப் பாதுகாக்கிறது. கடையில் பாட்டுப் போடுவதற்கான அனுமதியைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அலுமாரி நிறைய கசெற்றும் சீடியும் இருக்கின்றன. இவற்றையே மாற்றாக வைத்துக்கொண்டால் என்ன?
– வாசகி, தெஹிவளை

பதில்: மூலமாக வைத்திருங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். கடலோர ஈரக்காற்றில் கசெற்றில் பூஞ்சணம் பிடிக்கும். ஜன்னல் போன்ற அந்தக் கண்ணாடியூடாக ரேப் சுருளை வெளிச்சத்தில் பாருங்கள். ஓரங்களில் வெள்ளைத் தூள் தெரிந்தால் போடாதீர்கள், பிளேயரில் ரேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கசெற்றுக்கும் பரவும். நல்லதாக இருப்பவற்றை முதலில் ஒரு தடவை முழுக்க முன்னுக்கும் பின்னுக்கும் ஓட்டுங்கள், ஒட்டியிருக்கும் சுற்றுகள் தளரும். ஹெட்டை ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். ரப்பர் உருளைக்கு அல்ககோல் கூடாது, அது ரப்பரை வறட்டிவிடும். சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும்.

கணினிக்கு எடுக்கும்போது லப்டொப்பின் மைக் துளையில் செருகாதீர்கள். அது பெரும்பாலும் மோனோ, சத்தமும் கரகரக்கும். லைன்-இன் உள்ள யூ.எஸ்.பி. சவுண்ட் கார்ட் ஒன்று வேண்டும். ஒடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட்டில், உச்சம் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாமல் பதியுங்கள். 60 நிமிடக் கசெற்றுக்கு 60 நிமிடம் ஆகும், குறுக்கு வழி இல்லை. அந்த மூலக் கோப்பு 600 எம்.பி. வரும். ஃபிளாக் வகைக் கோப்பாக்கினால் தரம் குறையாமல் பாதியளவுக்குச் சுருங்கும்.

சீடி இலகு. எக்ஸாக்ட் ஓடியோ கொப்பி மென்பொருள் பிழையான இடங்களைத் திரும்பத் திரும்பப் படித்து எடுக்கும். துடைப்பதென்றால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக, வட்டமாக அல்ல. பாட்டு இருக்கும் படலம் பெயர் எழுதிய பக்கத்துக்கு அடியில்தான் இருக்கிறது. கீழ்ப்பக்கக் கீறலைச் சில வேளை மெருகேற்றி எடுக்கலாம், மேற்பக்கம் உரிந்தால் அந்தப் பாட்டுப் போனதுதான். வீட்டில் பதிந்த சீடிகள் கடைச் சீடிகளைவிடச் சீக்கிரம் கெடும், அவற்றை முதலில் எடுங்கள்.

எடுத்ததை இரண்டு இடத்தில் வையுங்கள்: ஒன்று கணினியில், மற்றது வேறு வீட்டில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கில். பென் டிரைவை ஆண்டுக்கணக்கில் அலுமாரியில் பூட்டி வைத்தால் உள்ளே இருப்பது மெல்ல அழியக்கூடும்.

கேள்வி: போனில் எஃப்.எம். இருந்தால் போதாதா?
– வாசகர், வத்தளை

பதில்: செய்திக்கும் பொழுதுபோக்குக்கும் போதும். போனில் எஃப்.எம். செயலி இருப்பதால் மட்டும் உள்ளே ரேடியோ இருக்கிறது என்று அர்த்தமில்லை. பல செயலிகள் இணையத்தில்தான் ஓடுகின்றன. வயருள்ள இயர்போனைச் செருகச் சொன்னால் அது உண்மையான ரேடியோ, அந்த வயர்தான் அதற்கு அன்டெனா. புதிய போன்கள் பலவற்றில் இது கிடையாது. இல்லையென்றால் இரண்டு பற்றரியில் ஓடும் சிறு ரேடியோ ஒன்று வாங்கி, ஓடாத நாட்களில் பற்றரியைக் கழற்றி வையுங்கள். உள்ளேயே விட்டால் ஒழுகி, தகடு பச்சை பிடித்துவிடும்.