நூறு புடவையும் ஒரு படமும்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் பனியன் பிரிண்டிங்குக்கு டிசைன் போடுகிறேன். ஓராண்டாக, எழுதிக்கொடுக்கும் வரிகளைப் படமாக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலியான மிட்ஜர்னியில் எனக்கென்று சில படங்களை உருவாக்கி வருகிறேன். ஒரு படத்துக்காக நூற்றைம்பது முறைகூட வரிகளை மாற்றி எழுதியிருக்கிறேன். ஓவியரான நண்பர், "இதில் நீ வரைந்தது எது?" என்று கேட்கிறார். கேமரா வந்தபோதும் இப்படித்தானே சொன்னார்கள்? இது கலையா, இல்லையா?

க., திருப்பூர்

அன்புள்ள க.,

கேமரா உதாரணத்தை எல்லாரும் எடுக்கிறார்கள். சரி, அதையே கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். 1882-ல் நியூயார்க்கில் நெப்போலியன் சரோனி என்ற புகைப்படக்காரர் எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டைப் படம் எடுத்தார். ஓர் அச்சு நிறுவனம் சரோனியைக் கேட்காமலே அதைப் பிரதியெடுத்தது. வழக்கு வந்ததும், "இயந்திரம் பதிந்த படத்துக்கு ஏது படைப்பாளி?" என்றது. 1884-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சரோனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கேமராவில் எடுத்ததெல்லாம் படைப்பு என்று அது சொல்லவில்லை. வைல்டை உட்காரவைத்த விதம், உடை, பின்திரை, ஒளி, நிழல், முகபாவம் என்று சரோனி முடிவு செய்தவற்றை வரிசையாக எடுத்துச் சொன்னது.

இப்போது 2022-க்கு வாருங்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலக் கண்காட்சியின் டிஜிட்டல் கலைப் பிரிவில் ஜேசன் ஆலன் என்பவர் மிட்ஜர்னி படத்துக்கு முதல் பரிசு வாங்கினார், 300 டாலர். குறைந்தது 624 முறை கட்டளைகளை மாற்றியதாகச் சொன்னார். ஆனாலும் 2023-ல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் அந்தப் படத்தைப் பதிவுசெய்ய மறுத்துவிட்டது. இயந்திரம் உருவாக்கிய பகுதிக்கு உரிமை கோராமல் இருக்கச் சொன்னார்கள், அவர் சம்மதிக்கவில்லை.

சட்டம் வேறு, கலை வேறுதான். ஆனாலும் அந்த 624 எனக்கு உறுத்துகிறது. கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போகும் என் அத்தை நூறு புடவையை விரிக்கவைப்பார். "பார்டர் இன்னும் கொஞ்சம் சின்னதா" என்பார். கடைசியில் அவர் எடுக்கும் புடவையை ஊரே மெச்சும். ரசனை அவருடையதுதான், சந்தேகமில்லை. நெய்தவர் அவரில்லை. நூற்றைம்பது முறை வேண்டாமென்று சொன்னதால் மட்டும் நீங்களும் நெசவாளியாகிவிட முடியாது. (அத்தை இதைப் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

அதற்காகச் செயற்கை நுண்ணறிவுப் படத்தில் கலைக்கு இடமே இல்லை என்று சொல்லமாட்டேன். 2023-ல் ஜெர்மன் புகைப்படக் கலைஞர் போரிஸ் எல்டாக்சன் சோனி உலகப் புகைப்பட விருதில் அப்படியொரு படத்துக்குப் பரிசு பெற்று, இது புகைப்படமே அல்ல என்று பரிசை வேண்டாமென்றார். எனக்கு அந்தப் படத்தைவிட அந்த மறுப்புதான் பிடித்திருந்தது.

உங்கள் விஷயத்தில் நண்பரின் கேள்விக்கு வேறொரு பதில் இருக்கிறது. ஸ்க்ரீன் பிரிண்டிங்கில் நிறத்துக்கு ஒரு ஸ்க்ரீன். மிட்ஜர்னி கொட்டும் ஆயிரம் சாயலை நான்காகக் குறைக்கும்போது எந்த நிழலை விடுவது, எந்தக் கோட்டை அழுத்துவது என்று நீங்கள்தானே முடிவு செய்யவேண்டும்? அப்படிக் குறைத்த படம் ஏதாவது இருந்தால், மிட்ஜர்னி தந்த மூலத்தையும் சேர்த்து அனுப்புங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆசை.