அமெரிக்கக் கால்பந்தில் ஜார்ஜியா பல்கலைக்கழகம் போன்ற உச்ச கல்லூரி அணி, யுஎஃப்எல் என்ற சிறிய தொழில்முறை லீக்கின் அணியை வெல்லுமா?

வெல்லாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் யாரிடம் திறமை அதிகம் என்று கேட்டால் கதை வேறு. 2021 பருவத்தில் பட்டம் வென்ற ஜார்ஜியாவிலிருந்து 15 பேரை 2022 டிராஃப்டில், அதாவது புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், முதன்மைத் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் அணிகள் எடுத்துக்கொண்டன. தடுப்பாட்டக்காரர்கள் மட்டுமே ஐந்து பேர் முதல் சுற்றில் போனார்கள். அவர்களில் டிராவான் வாக்கர் மொத்தத் தேர்விலேயே முதல் ஆள். யுஎஃப்எல்லில் அப்படிப்பட்டவர்கள் அபூர்வம். பெரும்பாலானோர் என்எஃப்எல் முகாம்களில் கழித்துவிடப்பட்டவர்கள்.

சரி, அப்புறம் எப்படி யுஎஃப்எல்காரர்கள் ஜெயிப்பார்கள்? கல்லூரி அணியில் அந்தப் பதினைந்து பேர் போக மீதி ஆட்களில் பலர் என்எஃப்எல் வாசலை மிதிப்பதே சந்தேகம். பலருக்கு வயது பத்தொன்பது, இருபது. எதிரே நிற்பவரோ இருபத்தாறு வயதுக்காரர், தன் கல்லூரியில் கொடிகட்டிப் பறந்தவர். முன்வரிசை மோதலில் அந்த உடல் முதிர்ச்சிதான் பேசும். பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் விஷயத்தில் மட்டும் எனக்குக் கல்லூரிப் பையன்மேல் நம்பிக்கை அதிகம்.