அமைதியான பெண்ணுக்குத் திரையில் இடம் உண்டா?

கேள்வி: எனக்கு வயது 27. கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சின்ன வயதிலிருந்தே நாலு பேர் கூடிய இடத்தில் அதிகம் பேச மாட்டேன். நெருங்கிய தோழிகள் இருவரிடம் மணிக்கணக்காகப் பேசுவேன். ஆனால் கல்யாண வீட்டில் கொஞ்ச நேரம் இருந்தாலே மொட்டை மாடிக்குப் போய்த் தனியாக நின்றுவிட்டு வரலாமா என்று தோன்றும். 'உம்மணாமூஞ்சி', 'நெஞ்சழுத்தக்காரி' என்று உறவினர்கள் சொல்வதைக் கேட்டுப் பழகிவிட்டது. சென்ற மாதம் பெண் பார்க்க வந்த ஒரு பெரியம்மா, "பொண்ணு வாயே திறக்க மாட்டேங்குதே, நாளைக்கு வீட்டுக்கு நாலு பேர் வந்தா எப்படிச் சமாளிக்கும்?" என்று என் அம்மாவிடமே கேட்டார். ஆனாலும் அவர்களுக்குச் சம்மதமாம். சினிமாவிலும் கலகலப்பான பெண்ணைத்தான் எல்லோருக்கும் பிடிக்கிறது. பேசாதவள் என்றால் ஒன்று பாவப்பட்டவள், இல்லையென்றால் மனக்கோளாறு உள்ளவள். கல்யாணத்துக்குள் நான் என்னை மாற்றிக்கொள்ளத்தான் வேண்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதம் முழுவதும் அந்த ஒரு பதிலுக்காகத்தான் காத்திருக்கிறது.

இன்ட்ரோவெர்ட் என்று இன்று எல்லோரும் சொல்லும் இயல்பைப் பற்றி, சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் கார்ல் யுங் 1921-ஆம் ஆண்டிலேயே விரிவாக எழுதிவிட்டார். அவர் அதை நோயாகவோ குறையாகவோ கருதவில்லை. மனத்தின் கவனம் வெளியே ஓடுகிறதா, உள்ளே திரும்புகிறதா என்ற வேறுபாடாகவே கண்டார். தோழிகளிடம் மணிக்கணக்காகப் பேசும் நீங்கள் பேசத் தெரியாதவர் அல்ல. கூட்டம் உங்களைக் களைப்படையச் செய்கிறது, தனிமை அந்தக் களைப்பைப் போக்குகிறது. மொட்டை மாடிக்குப் போகத் தோன்றுவதற்குக் காரணம் அவ்வளவுதான்.

பிறகு ஏன் இவ்வளவு சுடுசொல் கேட்க வேண்டியிருக்கிறது? நம் வீடுகளில் ஒரு விந்தை நடப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஜாதகம் பரிமாறிக்கொள்ளும்போது "பொண்ணு ரொம்ப அமைதி, அடக்கம்" என்பது பெருமை. அதே பெண் மருமகளாகி ஆறு மாதம் கழிந்ததும், "யாரோடும் ஒட்ட மாட்டேங்குறா, அழுத்தக்காரி" என்று அந்த அமைதியே குற்றப்பட்டியலில் ஏறிவிடுகிறது. பையன் பேசாமல் இருந்தால் முன்பும் பின்பும் அவன் "தங்கமான பையன், எந்த வம்புக்கும் போக மாட்டான்". ஒரே குணம் ஆணிடத்தில் ஆழமாகவும் பெண்ணிடத்தில் திமிராகவும் எடைபோடப்படுவதற்கு, அச்சம், நாணம் என்று பெண்ணுக்கு வகுத்துவைத்த பட்டியலும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அடக்கத்துக்காகப் பேசாமல் இருந்தால் அது நல்ல பெண்ணுக்கு அடையாளம். தன் விருப்பத்தால் பேசாமல் இருந்தால் அது பிறரை மதிக்காத தன்மை என்று பார்க்கப் பழகிவிட்டோம்.

நீங்கள் சினிமாவைக் குறிப்பிட்டது பொருத்தமானதே. 1986-இல் வந்த 'மௌன ராகம்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மோகன் நடித்த சந்திரகுமார் அளந்து பேசுகிறவர். அந்த நிதானத்தைக் கண்ணியம் என்று எந்த விளக்கமும் இல்லாமல் நாம் ஏற்றுக்கொண்டோம். 2018-இல் வந்த '96' படத்தின் ராம், பள்ளி நாளில் ஜானு நெஞ்சில் கைவைத்ததற்கே மயங்கி விழுந்தவர். நடுத்தர வயதிலும் கூச்சம் போகாதவர். அந்தக் கூச்சத்துக்குள் என்ன இருக்கிறது என்று காட்டவே கேமரா அவருடைய முகத்தில் பொறுமையாகக் காத்திருக்கிறது, நாமும் காத்திருக்கிறோம். அவரை யாரும் 'உம்மணாமூஞ்சி' என்று சொல்லவில்லை. நான் மிகவும் நேசிக்கும் படங்கள் இவை. ஆனால் பேசாத ஒரு பெண்ணின் முகத்துக்கு அத்தனை நேரத்தை நம் திரை எத்தனை முறை கொடுத்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. அவளுடைய மௌனத்தைப் பெரும்பாலும் பக்கத்தில் நிற்பவர்கள்தான் விளக்குகிறார்கள். அல்லது கதாநாயகன் வந்து அதை உடைக்கிறான், உடைத்ததைக் காதலின் வெற்றியாக நாம் கைதட்டி ரசிக்கிறோம்.

கொடுத்த நேரங்களில் ஒன்றைச் சொல்கிறேன். ஆங்கில எழுத்தாளர் ஜேன் ஆஸ்டின் 1811-இல் வெளியிட்ட நாவலைத் தழுவி, ராஜீவ் மேனன் இயக்கத்தில் 2000-இல் வந்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படத்தில் இரண்டு சகோதரிகள் வருகிறார்கள். ஐஸ்வர்யா ராய் நடித்த மீனாட்சி நினைத்ததை உடனே சொல்லி, பாடி, ஆடி, காதலித்து, உடைந்து அழுகிறவள். தபு நடித்த சௌம்யாவோ எல்லாவற்றையும் மனத்துக்குள் வைத்துக்கொள்கிற மூத்தவள். ராசியில்லாதவள் என்று ஊர் பேசுவதையும் வாய்திறக்காமல் தாங்குகிறவள். பரம்பரை வீடு கைவிட்டுப் போனபின் குடும்பம் சென்னைக்கு வர, மென்பொருள் நிறுவனத்தில் வேலை தேடிக்கொண்டு வீட்டைத் தாங்குவது அந்தப் பேசாத பெண்தான். அதற்காக அந்தப் படத்தை நான் பாராட்டுவேன், ஏனென்றால் அமைதி என்பது கையாலாகாத்தனம் அல்ல என்பதை அது உபதேசமாகச் சொல்லாமல் அவளுடைய நடத்தையில் காட்டியது. ஆயினும் அதே படத்தில் வரும் 'என்ன சொல்லப் போகிறாய்' பாடலை இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள். ஷங்கர் மகாதேவனுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த அருமையான பாடல் அது; காதலன் பதிலுக்காகத் தவிக்கிறான், அவள் மௌனமாக நிற்கிறாள். அவனுடைய தவிப்பைப் பாட ஒரு பாட்டு முழுவதும் இருந்தது. அவள் ஏன் தயங்குகிறாள் என்பதை அவள் குரலில் கேட்க ஒரு சரணம்கூட அந்தப் பாட்டில் இல்லை.

2012-இல் வந்த 'இங்கிலிஷ் விங்கிலிஷ்' படத்தின் சசியை நீங்களும் நினைத்திருக்கக்கூடும். ஸ்ரீதேவி நடித்த அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலம் வராது என்று கணவரும் மகளும் கேலி செய்கிறார்கள். நியூயார்க்கில் நடக்கும் திருமணத்தில் அவர் எழுந்து ஆங்கிலத்தில் பேசும்போது நமக்கும் கண் கலங்குகிறது. அவருடைய சிக்கல் மரியாதை கிடைக்காததே தவிர, அவருடைய சுபாவம் அல்ல. அந்தக் கதைக்கு அந்த முடிவு சரி. ஆனால் இப்படிப்பட்ட முடிவுகளைப் பார்த்துப் பார்த்து, பேசாத பெண்ணுக்கு விடிவு என்றால் அது கூட்டத்தின் முன் எழுந்து பேசுவதுதான் என்று நம்பத் தொடங்கிவிட்டோம். கல்யாணத்துக்குள் மாற வேண்டுமா என்று நீங்கள் கேட்பதிலும் அந்த நம்பிக்கை கொஞ்சம் ஒட்டியிருக்கிறது.

ஒன்றை மட்டும் நீங்களே நேர்மையாகச் சோதித்துப் பார்க்க வேண்டும். பேசத் தோன்றாமல் பேசாமல் இருப்பதும், பேசத் தோன்றியும் பயத்தால் விழுங்கிவிடுவதும் வேறு வேறு. 2021-இல் வந்த மலையாளப் படமான 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' படத்தில் நிமிஷா சஜயன் நடித்த மருமகள், ஒழுகும் தொட்டிக்குழாயைச் சரிசெய்ய ஆள் அழைக்கச் சொல்லிச் சொல்லி அலுத்து, அடியில் வைத்த வாளியைத் தானே எடுத்துக் கொட்டிக்கொண்டிருப்பாள். அவளுடைய மௌனம் சுபாவம் அல்ல, கேட்க ஆள் இல்லாததால் வந்தது. உங்கள் வாழ்க்கையில் இரண்டாவது வகை மௌனம் எங்கெங்கே இருக்கிறது என்று பாருங்கள்: அலுவலகத்தில் உங்கள் உழைப்பை வேறொருவர் தன்னுடையது என்று சொல்லும்போதா, பெண் பார்க்க வந்த அன்று உங்களுக்குக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று தொண்டையிலேயே நின்றபோதா? அங்கே மட்டும் பேசினால் போதும். கூட்டத்தில் பேச வராவிட்டால், கூட்டத்துக்கு முதல் நாளே உங்கள் கருத்தை மேலாளருக்கு எழுதி அனுப்பிவிடுங்கள். கணக்குப் பிரிவில் எழுத்துக்கு மதிப்பு அதிகம். ஆட்களைச் சந்திக்க வேண்டும் என்றாலே நெஞ்சு படபடத்து, தூக்கம் கெட்டு, போகவேண்டிய இடங்களைத் தவிர்க்கும் அளவுக்கு இருந்தால் அது சுபாவத்தைத் தாண்டியது. மனநல ஆலோசகரிடம் போங்கள், அல்லது 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி (டெலி மானஸ்) எண்ணில் தமிழிலேயே பேசலாம். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் எனக்குத் தென்படவில்லை.

இனி, கல்யாண விஷயம். உங்கள் இயல்பை மறைத்து, நிச்சயதார்த்தம் வரை கலகலப்பாக நடித்துக் காட்டாதீர்கள். பிறகு ஆயுள் முழுவதும் அந்த வேடத்தைச் சுமக்க வேண்டியிருக்கும். அம்மாவிடம் சொல்லி, அந்தப் பையனைப் பெரியவர்கள் சூழாமல் தனியாகச் சந்திக்க ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். நேரில் வார்த்தை வராது என்று தோன்றினால், முன்கூட்டியே செல்போனில் எழுதி அனுப்புங்கள்: எனக்குக் கூட்டம் களைப்பு தரும், வீட்டுக்கு விருந்தினர் வந்தால் அன்போடு கவனிப்பேன், ஆனால் நடுவில் கொஞ்ச நேரம் உள்ளறையில் இருந்துவிட்டு வருவேன், அதைக் கோபம் என்று நினைக்க வேண்டாம் என்று. "இதைப் பற்றி உங்கள் பெரியம்மா கேட்டால் நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?" என்றும் அந்தப் பையனிடம் கேளுங்கள். தான் பேசிக்கொள்வதாக அவர் சொன்னால் நல்லது. "கல்யாணத்துக்கு அப்புறம் எல்லாம் சரியாயிடும்" என்று சொன்னால், அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாமல், எது சரியாக வேண்டும் என்று நினைக்கிறார் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு உங்கள் சம்மதத்தைச் சொல்லுங்கள்.