அசாந்தே மக்கள் ஆற்றைத்தான் கடவுளாகக் கும்பிடுகிறார்களா?

ஆற்றை அல்ல, ஆற்றில் உறையும் தெய்வத்தை. அசாந்தே மக்கள் வாழும் மேற்கு ஆப்பிரிக்க நாடான கானாவில், குமாசி நகரில் வேலை பார்ப்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அசாந்தே மக்களுக்கு எல்லோருக்கும் மேலே நியாமே என்ற படைப்புக் கடவுள். அடுத்து பூமித்தாய் அசாசே யா; அவளுக்குரிய வியாழக்கிழமை நிலத்தைக் கொத்தக்கூடாது என்பது பழைய வழக்கம். ஆறு, ஏரிகளில் குடியிருக்கும் தெய்வங்கள் நியாமேயின் பிள்ளைகள். இவர்களை அபொசொம் என்பார்கள். அவர்களில் பெரும்பேர் பெற்றவர் தானோ. டெச்சிமான் பக்கத்தில் பிறந்து தெற்கே ஓடும் தானோ ஆறுதான் அவர் இருப்பிடம்.

ஆனால் தானோ ஓடாத ஊரிலும் தானோவுக்குக் கோயில் உண்டு. பித்தளைப் பாத்திரத்தில் ஆற்றுக் களிமண், மூலிகை, மணிகள் எல்லாம் சேர்த்து வைத்தால் தெய்வம் அதில் வந்து இறங்கும் என்பது நம்பிக்கை. சிலை தேவையில்லை.

கோயில் எப்படி இருக்கும் என்று பார்க்க எஜிசுவை அடுத்த பெசியாசேவுக்குப் போகலாம். 1980-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அசாந்தே கட்டடங்களில் ஒன்று, 1998-இல் புதுப்பித்தார்கள். நடுவில் முற்றம், சுற்றி நான்கு கட்டு. முரசு அடிப்பவர்களுக்கு ஒன்று, பாடுபவர்களுக்கு ஒன்று, சமையலுக்கு ஒன்று. இவை முற்றத்தைப் பார்த்துத் திறந்தே இருக்கும். நான்காவது கருவறை, பூசாரியைச் சேர்ந்தவர்கள் மட்டுமே நுழையலாம். சுவரின் கீழ்ப்பாதி செம்மண் நிறம், மேலே வெள்ளை, அதில் மண்ணால் புடைத்த பறவைகளும் கொடிகளும். அந்த முற்றத்தில் நின்றபோது எனக்குப் பேசத் தோன்றவில்லை. 1900-இல் ஆங்கிலேயரோடு போர் தொடுக்கும் முன் எஜிசுவின் அரசித்தாய் யா அசாந்தேவா இங்கே வந்து குறி கேட்டார் என்கிறார்கள்.

குறி கேட்பதுதான் இங்கே முக்கியம். ஒகொம்ஃபோ எனப்படும் பூசாரி வெள்ளைக் களிமண் பூசி, முரசு முழங்க ஆடுவார். அருள் வந்ததும் அவர் சொல்வதை ஒகியாமே என்பவர் மற்றவர்களுக்கு விளக்குவார். பிள்ளையில்லாதவர், நோயாளி, வியாபாரம் படுத்தவர் எல்லோரும் வருவார்கள். தெய்வம் சொன்னது தொடர்ந்து பலிக்காவிட்டால் படையல் நின்றுவிடும், ஜனங்கள் வேறு கோயிலுக்குப் போய்விடுவார்கள். நியாமேயை அப்படி யாரும் கைவிடுவதில்லை. இந்த வேறுபாடு தெரியாமல் வெறும் இயற்கை வழிபாடு என்று எழுதுவது அவர்களுக்குச் செய்கிற அநியாயம் என்பேன்.

போவதாக இருந்தால் முதலில் ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். தெய்வத்துக்குத் தரையில் ஊற்றி வேண்டுவதற்கு ஒரு புட்டி ஷ்னாப்ஸ் என்ற மதுவைக் கொண்டு போவது மரியாதை.