மரைன் டேங்க்ல புதுசா கோரல் வைக்கும்போது இறாலுக்கு ஒண்ணும் ஆகாம எப்படி பாத்துக்கறது?

எட்டு மாசமா மரைன் டேங்க், அதாவது கடல்தண்ணி மீன் தொட்டி ஓடுது, ரெண்டு க்ளீனர் ஷ்ரிம்ப் (மீன் உடம்பைச் சுத்தம் பண்ற இறால்) இருக்கு, இப்பதான் முதல் தடவையா கோரல் (பவளம்) வைக்கப் போறேன், இறால் செத்துடுமான்னு கேட்டிருக்கீங்க. நான் இங்க பெரும்பாலும் படிச்சுட்டு போயிடுவேன், ஆனா இதை அப்படி விட்டுட்டுப் போக மனசு வரல. எங்க வீட்ல இதே மாதிரி கோரல் வச்ச அன்னிக்கு ராத்திரியே ஒரு இறால் போச்சு, அதுக்குக் காரணம் நான் தான்.

முதல்ல ஒண்ணு. கோரல் இறாலைக் கொல்றது ரொம்ப அபூர்வம். கொல்றது அந்தக் கோரலைக் கழுவறோமே அந்த மருந்து, இல்லன்னா கோரலுக்காக அவசர அவசரமா தண்ணில நம்ம பண்ற மாத்தம்.

எங்க டேங்க் 4 அடி நீளம், ஒண்ணரை அடி அகலம், ஒண்ணரை அடி உயரம், 250 லிட்டர் கிட்ட வரும். லாக்டவுன் சமயத்துல ஆரம்பிச்சது. உங்கள மாதிரியே ரெண்டு க்ளீனர் ஷ்ரிம்ப். கைய உள்ள விட்டா ஓடி வந்து நகக்கண்ணை நோண்டிட்டு இருக்கும், அதுல பெருசுக்கு என் பொண்ணு சிவப்பின்னு பேர் வச்சிருந்தா, ஸ்கூல் விட்டு வந்ததும் பேக்கைக் கூட கழட்டாம அதுகிட்ட தான் போவா. டேங்கை கலைக்கறேன்னு ஒருத்தர் சொன்னாரு, அவர்கிட்ட ஒரு கல் நிறைய ஸோவா, பட்டன் மாதிரி சின்னச் சின்னதா இருக்கற கோரல், இருந்துச்சு, வாங்கிட்டு வந்தேன். வீட்ல வந்து டார்ச் அடிச்சுப் பாத்தா ஸோவாவைத் தின்ற புழு மாதிரி ஒண்ணு ரெண்டு ஒட்டிட்டு இருக்கு. டிப் பண்ணணும், அதாவது மருந்து கலந்த தண்ணில முக்கி எடுக்கணும், ஆனா கைல டிப் மருந்து இல்ல. தெரிஞ்ச ஒருத்தர் செடிக்கு அடிக்கற இமிடாகுளோப்ரிட் போதும், வெளிநாட்ல நிறைய பேர் இதைத் தான் யூஸ் பண்றாங்கன்னு சொன்னாரு. அவர் சொன்னது பொய்யும் இல்ல, நிஜமாவே யூஸ் பண்றாங்க. நானும் பக்கெட்ல டேங்க் தண்ணி எடுத்து அதைக் கலக்கி பத்து நிமிஷம் வச்சேன், புழு எல்லாம் உதிர்ந்துடுச்சு, எனக்கு அவ்ளோ சந்தோஷம். அப்புறம் ஒரே ஒரு மக் தண்ணில முக்கி எடுத்துட்டு உள்ள வச்சுட்டேன். ஒரே ஒரு மக். அந்தக் கல்லு பூரா ஓட்டை, ஸ்பாஞ்ச் மாதிரி, மருந்து உள்ள தேங்கி நிக்கும்ங்கறது அப்ப எனக்குத் தோணவே இல்ல.

ஒம்பது மணிக்கு வச்சேன். பதினோரு மணிக்கு லைட் அணைக்கப் போனா சிவப்பி மல்லாக்க கிடக்கு, காலெல்லாம் வெடவெடன்னு உதறுது. சின்னது கல் இடுக்குல சாஞ்சு கிடக்கு. க்ளவுன் மீன் ரெண்டும் எதுவுமே நடக்காத மாதிரி சாதாரணமா நீந்திட்டு இருந்துச்சு. அமோனியா டெஸ்ட் போட்டேன், ஜீரோ. உப்பு பாத்தேன், சரியா இருக்கு. அப்பதான் டார்ச் அடிச்சு கண்ணாடியைப் பாக்கறேன், ராத்திரில எப்பவும் கண்ணாடி பூரா ஊர்ற பாட்ஸ், இறால் இனத்துப் பொடிப் பொடி ஜீவன், ஒண்ணு கூட இல்ல. ஹெர்மிட் நண்டு ஓட்டுக்கு வெளிய தொங்கிட்டு இருக்கு. நத்தை நல்லா இருக்கு, மீன் நல்லா இருக்கு. கால் மூட்டு மூட்டா இருக்கற ஜீவன் மட்டும் தான் விழுந்து கிடக்கு. பூச்சி மருந்துன்னு அந்த நிமிஷம் தான் புரிஞ்சுது. இறாலும் நண்டும் பூச்சிக்குப் பங்காளி முறை, பூச்சியோட நரம்பை அடிக்கறது இதுங்க நரம்பையும் அடிக்கும்.

வாட்டர் சேஞ்சுக்குன்னு 40 லிட்டர் கலந்து வச்சிருந்தது நல்லதாப் போச்சு. அதுல கொஞ்சத்தை பக்கெட்ல ஊத்தி ஏர் ஸ்டோன் போட்டு ரெண்டையும் அதுக்கு மாத்தினேன், ஸோவா கல்லை வெளிய எடுத்தேன், ஃபில்டர்ல மருந்தை உறிஞ்சற கார்பன் போட்டிருப்போமே, அந்தப் பழசைத் தூக்கிட்டு புதுசா நிறைய போட்டேன். சிவப்பி விடியறதுக்குள்ள போயிடுச்சு. சின்னது ரெண்டு நாள் அப்படியே சாஞ்சு கிடந்துச்சு, மூணாவது நாள் எழுந்து நின்னு என் கைல இருந்து தீனி வாங்கிச்சு. பக்கெட் பக்கத்துல உக்காந்து நான் அழுதுட்டேன். சொந்தக்காரங்க கேட்டுட்டு, இறால் தானே, மார்க்கெட்ல கிலோ கணக்குல விக்குதுன்னாங்க. அப்படிச் சொல்றவங்களுக்கு நான் பதில் சொல்றது இல்ல.

இமிடாகுளோப்ரிட்ல வருஷக்கணக்கா டிப் பண்றேன், எனக்கு ஒண்ணும் ஆகலையேன்னு கமெண்ட்ல கண்டிப்பா யாராவது வருவீங்க. சரிங்க, நீங்க நல்லா அலசியிருப்பீங்க, இல்ல உங்க டேங்க்ல இறாலே இருக்காது. இறால் இருக்கற வீட்ல அதை உள்ளயே கொண்டு வராதீங்கன்னு தான் நான் சொல்றேன். அயோடின் டிப்போ, செடி எண்ணெய் டிப்போ, கோரலுக்குன்னே விக்கறதை வாங்குங்க. அதுவும் தண்ணில கலந்தா இறாலுக்கு ஆகாது தான், அதனால அலசறதுல தான் விஷயமே இருக்கு.

இப்ப நான் பண்றது இதான். மூணு பக்கெட், மூணுலயும் டேங்க்ல இருந்து எடுத்த தண்ணி. முதல்ல டிப், அடுத்த ரெண்டுல நல்லா ஆட்டி ஆட்டி அலசல், பைப்பெட் வச்சு கல்லோட ஓட்டைக்குள்ள எல்லாம் தண்ணியைப் பீச்சி விடுவேன். கோரல் ஒட்டி வர்ற ப்ளக்கைக் கழட்டித் தூரப் போட்டுடுவேன், ஏன்னா முட்டை அதுல தான் இருக்கும், டிப் முட்டையைக் கொல்லாது. இந்தத் தண்ணியும் கடைக்காரர் கவர் தண்ணியும் ஒரு சொட்டு கூட டேங்க்குள்ள போகாது. அப்புறம் அந்தக் கோரலை ஒரு சின்ன டப்பால வச்சு, டேங்க் கண்ணாடில இருந்து கொஞ்சம் பாட்ஸை வழிச்சு அதுல விட்டுடுவேன். காலைல அதுங்க ஊர்ந்துட்டு இருந்தா தான் கோரல் அடுத்த இடத்துக்குப் போகும். இது யாரும் சொல்லிக் குடுத்தது இல்ல, அந்த ராத்திரி கண்ணாடியைப் பாத்ததுல இருந்து நானா பண்றது. அடுத்த இடம்னா தனி க்வாரன்டைன் தொட்டி, பல வாரம். ஒயிட் ஸ்பாட்ங்கற மீன் நோயோட ஒட்டுண்ணி கூடு கட்டி ப்ளக்ல, கல்லுல ஒட்டிட்டு வரும், மீனுக்கு வந்துடுச்சுன்னு பதறிப்போய் காப்பர் மருந்து ஊத்தினீங்கன்னா இறாலும் போயிடும் கோரலும் போயிடும். ஸோவாவைக் கைல எடுக்கும்போது க்ளவுஸ் போடுங்க, சில வகைல பாலிடாக்ஸின் இருக்கு, அந்தக் கல்லை சுடுதண்ணி ஊத்திக் கழுவவே கழுவாதீங்க, ஆவி நம்ம நுரையீரலுக்கே ஆபத்து.

அடுத்து உப்பு அளவு, தண்ணியோட அடர்த்தியை வச்சுச் சொல்ற நம்பர். மீன் மட்டும் இருக்கற டேங்கை நிறைய பேர் 1.021ல ஓட்டறாங்க, உங்களுதும் அப்படி இருந்தா கோரலுக்காக 1.025க்கு ஒரே நாள்ல ஏத்திடாதீங்க. மீன் உடம்பு உப்பை அதுவே சமாளிச்சுக்கும், இந்த மாதிரி இறாலுக்கு வெளித் தண்ணில என்ன உப்போ பெரும்பாலும் அதே தான் உடம்புக்குள்ளயும். ஒரு நாளைக்கு 0.001க்கு மேல ஏத்தாதீங்க. இறால் தோல் உரிச்ச ரெண்டு மூணு நாளைக்கு எதையுமே மாத்தாம விட்டுடுங்க, அப்ப அது ரொம்ப மெத்துன்னு பலவீனமா இருக்கும். அயோடின் ஊத்தினா நல்லா உரிக்கும்பாங்க, டெஸ்ட் பண்ணாம ஊத்தாதீங்க, ஒழுங்கா வாட்டர் சேஞ்ச் பண்ணினாலே போதும்.

கல் கோரல், அதாவது கல்லு மாதிரி கெட்டியா கூடு கட்டற வகை, வாங்கற ஐடியா இருந்தா, நீங்க இந்தியாவுல இருந்தா விட்டுடுங்க. அது 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணைல இருக்கு, புலி இருக்கற அதே அட்டவணை. எங்க அப்பா ஊர் தூத்துக்குடி, அந்தப் பக்கம் ஒரு காலத்துல பவளப்பாறையை சுண்ணாம்புக்கு வெட்டி எடுத்தாங்க, மன்னார் வளைகுடால 21 தீவை 1986ல தேசியப் பூங்காவா அறிவிச்சாங்க, அப்புறமும் பல வருஷம் வெட்டினாங்க. அதனால இதுல எனக்குக் கொஞ்சம் கோவம் உண்டு. நான் ஸோவா, மஷ்ரூம், லெதர்னு அந்தக் கல் கூடு இல்லாத வகைகளோட நிறுத்திக்கிட்டேன்.

சொல்ல வந்ததோட சம்பந்தம் இல்ல, ஆனாலும் சொல்லிடறேன். சென்னை கொளத்தூர் பக்கம் மீன் கடைக்கு நானும் வீட்டுக்காரரும் போனா, கேள்வி கேக்கறது நான், டெஸ்ட் கிட் என் ஹேண்ட்பேக்ல இருக்கு, கடைக்காரர் பதில் சொல்றது அவர்கிட்ட. தனியா போனா "சார் வரலையா மேடம்?" வீட்டுக்காரருக்கு உப்பு அளக்கற ரிஃப்ராக்டோமீட்டரைப் பிடிச்சுப் பாக்கக் கூடத் தெரியாது, அவரே "இவங்கட்ட சொல்லுங்க, டேங்க் இவங்களுது"ன்னு சொன்னாலும் மறுபடி அவரைப் பாத்து தான் பேசுவாங்க. ஒரு கடைல இப்படித்தான், பெப்பர்மின்ட் ஷ்ரிம்ப் கேட்டேன், கேமல் ஷ்ரிம்பை எடுத்தாரு. முதுகு கூன் போட்டு, கண்ணு பெருசா, உடம்பு பூரா வெள்ளைக் கோடு போட்டு இருக்கும். இது ஸோவாவைத் தின்னுடும், மஷ்ரூமையும் தின்னுடும்னு நான் சொன்னா "அதெல்லாம் ஒண்ணும் பண்ணாது சார்"னு அவரைப் பாத்து சொல்றாரு. நான் வாங்காம வந்துட்டேன். நீங்களும் கேமல் ஷ்ரிம்ப் இல்லைன்னு பாத்துட்டு வாங்குங்க.

இருக்கற க்ளீனர் ஷ்ரிம்ப் கோரலைக் கடிக்காது, ஆனா கோரல் வாய்ல வச்ச தீனியைப் பிடுங்கும். முதல்ல அதுக்கு ஒரு துண்டு குடுத்து ஓரமா அனுப்பிட்டு அப்புறம் கோரலுக்குக் குடுங்க. மஷ்ரூம்ல மட்டும் எலிஃபன்ட் இயர்னு தட்டு மாதிரி பெருசா ஒண்ணு வரும், அதை வாங்காதீங்க, பை மாதிரி மூடி உள்ள வந்த சின்ன மீனையும் இறாலையும் முழுங்கிடும். வெறும் ஓடு கிடந்தா உடனே செத்துடுச்சுன்னு பயந்துடாதீங்க, எடுத்துப் பாருங்க, லேசா, உள்ள ஒண்ணும் இல்லாம இருந்தா உரிச்ச தோல் தான். எங்க சின்னது போன வாரம் கூட உரிச்சுச்சு, பொண்ணு அதை எடுத்து காய வச்சு ஜாமெட்ரி பாக்ஸ்ல வச்சிருக்கா.