வீட்டு பீரும் வீட்டாரும்

அன்புள்ள ஐயா,

காரைக்குடி அருகே உள்ள கோட்டையூர் என் சொந்த ஊர். சிங்கப்பூரில் வேலை. அங்கே என் வீட்டுச் சமையலறையில் பீர் தயாரிக்கிறேன். எனக்கு அது நுட்பமான கைவேலை. பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது அம்மான், "வீட்டுலயே சாராயம் போடுறியாமே?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். அப்பத்தா அதன்பிறகு முகம் கொடுத்தே பேசவில்லை. சிங்கப்பூர் நண்பர்களோ, "கடை பீர் மாதிரியே இருக்கே" என்று பாராட்டுகிறார்கள். அதுவும் எனக்குக் கசக்கிறது. நான் செய்வதை ஏன் யாரும் சரியாகப் பார்ப்பதில்லை?

வாசகர், சிங்கப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

செட்டிநாட்டில் வீட்டில் செய்தது என்றால் தனி மதிப்பு. கைமுறுக்கையும் மனகோலத்தையும் காரைக்குடிக் கடைகள் அப்படிச் சொல்லித்தான் விற்கின்றன. மதுவில் மட்டும் தலைகீழ். கடையில் வாங்கியது கெட்ட பழக்கம், வீட்டில் செய்தது விஷம். இதை அறியாமை என்று தள்ளிவிடாதீர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்து 60 பேருக்கும் மேல் செத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மரக்காணத்திலும் சாவு. உங்கள் அம்மான் 'வீட்டில் தயாரித்தது' என்று கேட்டதும் நினைவுக்கு வருவது இவைதான்.

அந்த உயிர்களைப் பறித்தது சாராயத்தில் கலந்த மெத்தனால் என்ற நச்சுப்பொருள். மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) ஊறலை ஈஸ்ட் போட்டு நொதிக்கவைத்தால் ஆளைக் கொல்லும் அளவுக்கு மெத்தனால் உண்டாகாது. வடித்து இறக்கும் வேலையும் பீரில் இல்லை. சர்க்கரை கூடிப்போனால் பாட்டில் வெடிக்கும், சுத்தம் குறைந்தால் பீர் புளித்துப்போகும். பயப்பட வேண்டியவை இவை. இதை அம்மானிடம் பொறுமையாகச் சொல்லலாம், அவர் கேட்பார் என்றே நினைக்கிறேன்.

அப்பத்தா விஷயம் வேறு. அவருடைய பயம் பீரின் தரத்தைப் பற்றியதே அல்ல. குடியால் அழிந்த குடும்பங்களைப் பார்த்து வாழ்ந்தவர் அவர். நீங்கள் மால்ட், ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) என்று பேசப் பேச, பேரன் வீட்டுக்குள் குடி வந்துவிட்டது என்றுதான் அவர் காதில் விழும். வீட்டில் பீர் தயாரிக்கும் பலர் தவறுவது இங்கேதான். திறமையைப் பற்றிக் கேட்டதாக நினைத்துப் பதில் சொல்கிறார்கள். கேட்டவரின் கவலையோ குடும்பத்தைப் பற்றியது. எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதை அவரிடம் உள்ளபடி சொல்லுங்கள். அதற்குமுன் உங்களையே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். கைவேலையின் பெருமைக்குள் குடியின் அளவு மறைந்துபோவது எளிது.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். சிங்கப்பூரில் 2004 முதல் வீட்டுத் தேவைக்கு மாதம் 30 லிட்டர் வரை தயாரிக்கலாம், விற்கத்தான் கூடாது. தமிழ்நாட்டிலோ 1937-இன் மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது. கள் இறக்கவே 1987 முதல் தடை. முறையாக மது தயாரிக்கும் ஒரு வீட்டை நம் ஊர்க்காரர்கள் கண்ணால் பார்த்ததில்லை. கோட்டையூரில் செய்து காட்டலாம் என்ற ஆசை வந்தால் விட்டுவிடுங்கள்.

நண்பர்களின் பாராட்டு உங்களுக்குக் கசப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கடையில் கிடைக்கும் லாகர் என்ற வெளிர்நிற பீர்தான் வீட்டில் செய்யக் கடினமானது. குளிரில் வாரக்கணக்கில் வைக்க வேண்டும். கறுப்பு பீரில் வறுத்த தானியத்தின் மணமோ, கசப்பான பீரில் ஹாப்ஸோ சிறு குறைகளை மூடிவிடும். லாகரில் வெண்ணெய் வாடை, வெந்த சோள வாடை எல்லாம் அப்படியே தெரிந்துவிடும். அதைச் சரியாகச் செய்தவர் தேர்ந்த கைக்காரர். கடை பீர் குடிப்பவரை மட்டமாக நினைக்கும் பழக்கம் உங்கள் வட்டத்தில் இருந்தால் அதில் சேராதீர்கள்.

பாராட்டைவிட உங்களுக்குத் தேவை குறை சொல்லத் தெரிந்த ஒரு நாக்கு. வீட்டு பீர் போட்டிகளில் 50-க்கு மதிப்பெண் போடுகிறார்கள்: சுவைக்கு 20, மணத்துக்கு 12, தோற்றத்துக்கு வெறும் 3. அப்படி ஒரு நடுவரிடம் ஒரு பாட்டிலைக் கொடுத்து, அவர் எழுதித் தருவதைப் படியுங்கள். அம்மான் சிங்கப்பூர் வந்தால் பாத்திரங்களையும் மால்ட்டையும் காட்டுங்கள். குடித்துப் பார்க்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம்.